மனைவியின் அறிக்கை உங்களுடையதன்று

கேள்வி: எனக்கு வயது 33. மேற்கு மாவட்டம் ஒன்றில் சிற்றூரில் வசிக்கிறேன். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்காக ஓராண்டாகப் புனைபெயரில் ஒரு வாட்ஸப் குழு நடத்தி வருகிறேன். நானும் அவர்களில் ஒருவன். 140 பேர் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு, ஆணுறை, பரிசோதனை பற்றி வாரந்தோறும் எழுதுகிறேன். படிக்கிறார்கள், இதயக்குறி இடுகிறார்கள். ஆனால் பரிசோதனைக்குப் போனதாகச் சொன்னவர்கள் நான்கு பேர்தான். எனக்குத் திருமணமாகிவிட்டது, மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்றாம் மாதத்தில் அவளுக்கு எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்பதால் என்னைப் பற்றிக் கவலையில்லை. குழுவினர் பரிசோதனைக்குப் போகும்படி எப்படி எழுதுவது?

பதில்: எப்படி எழுதுவது என்பதற்குப் பிறகு வருகிறேன். மனைவிக்கு எடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை என்பதால் உங்களைப் பற்றிக் கவலையில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை எத்தனையோ கணவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். 140 பேரைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லும் ஒருவரிடமிருந்தும் அதுவே வந்திருப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று எடுத்தது உங்கள் மனைவியின் இரத்தம். ஒவ்வொரு உறவிலும் கிருமி தொற்றிவிடுவதில்லை. அதனால் கணவருக்கு இருந்தும் மனைவிக்கு ஆண்டுக்கணக்கில் வராமலிருக்கும் தம்பதிகள் உண்டு. புதிதாகத் தொற்றியவருக்குப் பரிசோதனையில் அது தெரியவரச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம் என்பதை நீங்களே குழுவில் எழுதியிருப்பீர்கள். அந்த அறிக்கை வந்து மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. இந்த மூன்று மாதங்களில் நீங்கள் யாரையும் சந்திக்கவில்லை என்று கடிதத்தில் எங்கும் இல்லை. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்குப் புதிதாகத் தொற்றினால், தொடக்க வாரங்களில் கிருமியின் அளவு மிக அதிகமாக இருக்கும் என்பதால், வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் ஆபத்து கூடுகிறது. பழைய அறிக்கையைப் பார்க்கும் மருத்துவருக்கோ சந்தேகம் எழக் காரணமே இராது.

1986-ல் நுண்ணுயிரியல் நிபுணர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமி சென்னையில் கண்டறியப்பட்டபோது, அது காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தில்தான் தெரிந்தது. இன்றும் நம் வீடுகளில் முதலில் ஊசிக்குக் கை நீட்டுபவள் கர்ப்பிணிப் பெண்தான். அவள் முடிவைத் தன் முடிவாக வைத்துக்கொண்டு ஆண் நிம்மதியாகத் தூங்குவதை நான் கோழைத்தனம் என்றே சொல்வேன். ஆண்கள்மீது உங்களுக்கு நாட்டம் இருப்பதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகனையும், ஒன்றுமறியாத ஒரு பெண்ணையும் சேர்த்து வைக்கும் பெற்றோர்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. உங்களுக்கும் அப்படித்தான் நடந்ததா என்று தெரியவில்லை. எப்படி நடந்திருந்தாலும் இன்று அந்தப் பெண்ணுக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

இனிக் குழுவுக்கு வருகிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்களோடு உறவு கொள்ளும், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் ஆண்கள் 112 பேரை ஃபேஸ்புக் குழுக்களில் சேர்த்து 12 வாரங்கள் நடத்திய ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற சகாக்கள் எச்.ஐ.வி. பற்றிப் பேசினார்கள், இன்னொன்றில் பொதுவான உடல்நலம் பற்றிப் பேசினார்கள். முதல் பிரிவின் 57 பேரில் 25 பேர் வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைப் பெட்டியைக் கேட்டார்கள். மற்றதன் 55 பேரில் 11 பேர்தான் கேட்டார்கள். ஆக, இணையத்தில் சகா ஒருவர் பேசினால் பலன் உண்டு, உங்கள் உழைப்பு வீணில்லை. ஆனால் கேட்ட அந்த 25 பேரில் பரிசோதனை செய்து திருப்பி அனுப்பியவர்கள் 9 பேர்தான். கேட்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தை நீங்களே இன்னும் கடக்கவில்லை. முன்பு பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் ஆணுறைகளோடு காத்திருந்த எச்.ஐ.வி. தடுப்புக் களப்பணியாளர், தயங்குபவரைத் தன்னோடு மையத்துக்கே அழைத்துச் செல்வார். கைபேசிக்குள் போய்விட்ட ஆண்களுக்கு அப்படி அழைத்துச் செல்ல ஆளில்லை. "நான் இன்று போனேன், இவ்வளவு நேரம் காத்திருந்தேன், ஆலோசகர் இதையெல்லாம் கேட்டார்" என்று எழுதுங்கள். முடிவைச் சொல்லத் தேவையில்லை. போன கதை போதும். அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இன்னொன்று: வாட்ஸப் குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். மிரட்டிப் பணம் பறிப்பவன் ஒருவன் நுழைந்தால் 140 குடும்பங்கள் அவன் கையில். எண்ணை மறைக்க வழியுள்ள டெலிகிராமுக்கு இந்த வாரமே மாறுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வரும் திங்கட்கிழமை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அங்கே பரிசோதனை இலவசம், 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி உங்கள் விவரம் ரகசியம். கிரந்தி (சிஃபிலிஸ்) என்ற பால்வினை நோய்க்கும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடந்த 72 மணி நேரத்துக்குள் ஆணுறையில்லாத உறவு நேர்ந்திருந்தால் திங்கள் வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும், அதுவரை மனைவியுடன் ஆணுறையின்றி உறவு கூடாது. தொற்று இருப்பதாகத் தெரிந்தால், கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டுக் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தபின் உறவின் வழியே அது பரவாது. மனைவிக்குத் தொற்றியிருந்தாலும், இப்போதே மருந்து தொடங்கினால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் அதற்கு அவருக்கும் மறுபரிசோதனை நடக்க வேண்டும், அது ஏன் என்று அவருக்குத் தெரியவும் வேண்டும். எப்படிச் சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று ஆலோசகரிடம் கேளுங்கள், 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணிலும் கேட்கலாம். சொல்லாமலே இருந்துவிடலாமா என்று மட்டும் என்னிடம் கேட்டு அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

திங்கட்கிழமை வரை குழுவில் பரிசோதனை பற்றி எதையும் எழுத வேண்டாம். மையத்தில் பெயர் கேட்டால் உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள்.