படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு வீட்டுக்கே செவிலியர் வருவாரா?

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது, தனியார் நர்ஸ் வைக்க வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் இதற்கு அரசு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள், கட்டணம் கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "நோய் ஆதரவு சிகிச்சைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்" என்று கேளுங்கள் (கடுமையான நோயில் இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்புதான் அது). அம்மாவை அழைத்துப்போக முடியாததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதில் சரியாக வராவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழையுங்கள்.

ஆனால் வரும் செவிலியர் நாள் முழுக்க இருக்க மாட்டார். புண்ணுக்குக் கட்டுவது, குழாயைப் பார்ப்பது, உங்களுக்குக் கற்றுக்கொடுப்பது, அவ்வளவுதான். அன்றாடப் பராமரிப்பு உங்கள் கையில்தான்.

இடுப்பின் பின்பக்கம் சிவந்திருப்பதாகச் சொன்னதுதான் எனக்குக் கவலை. விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அங்கே தேய்க்காதீர்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இரவிலும்தான். குதிகாலையும் பாருங்கள், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். தோல் கறுத்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ செவிலியருக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.