முதல் பீரியடில் தூங்கும் பையன்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

நம் குமரி மாவட்ட ஆசிரியர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்திருக்கிறேன். ஐந்துமே கூலி வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியவை.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் முதல் பீரியடிலேயே தூங்குகிறான். எழுப்பி நிற்க வைத்தால் நின்றுகொண்டே கண் சொக்குகிறான். என்ன செய்வது, டீச்சர்?
(அறிவியல் ஆசிரியர், குலசேகரம் பக்கம்)

முதலில் அவனை உட்காரச் சொல்லுங்கள், சார். உங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை காலையில் தூங்கினால், வீட்டில் ரப்பர் வெட்டு உண்டா என்று விசாரிக்க வேண்டும். விடியும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். அப்பா நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது பிள்ளையும் கூட இறங்குகிறது. இதை வகுப்பில் கேட்காதீர்கள். இடைவேளையில் வராந்தாவில் தனியாகக் கேளுங்கள்.

எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான். அமிலம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். லிட்மஸ் தாளைக் காட்டியும் வகுப்பு அசையவில்லை. "ரப்பர் பாலை ஷீட் ஆக்க என்ன ஊத்துவாங்க, மக்களே?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு தலை நிமிர்ந்தது. "ஆசிட் டீச்சர். நேரா ஊத்தப்பிடாது, தண்ணியில கலக்கித்தான் ஊத்தணும். பொறவு நுரையை வழிச்சு எடுக்கணும், இல்லேண்ணா ஷீட்டுல குமிள் விழும்." முன்னால் வரச் சொன்னேன். ஒரு கையில் தட்டைப் பிடித்ததுபோல் வைத்துக்கொண்டு, மறு கையின் ஓரத்தால் நுரை வழிப்பதை அப்படியே செய்து காட்டினான். அந்த ஆசிட்தான் ஃபார்மிக் அமிலம், எறும்புக் கடியில் எரிவதும் அதுவே என்று நான் சேர்த்துக்கொண்டேன். மீதிப் பாடம் அவனுடையது.

கணக்கு ஆசிரியரிடமும் சொல்லுங்கள். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான் பாலுக்கு விலை போடுகிறார்கள். சதவீதக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் உங்கள் ஊரில் கிடையாது.

இன்னொன்று. அவன் எட்டாம் வகுப்பு என்பதால் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை விட்டுவிடாதீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, தேர்வில் தேறித் தேர்ந்தெடுக்கப்பட்டால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. வருமானச் சான்றிதழுக்கு இப்போதே அலையத் தொடங்கினால்தான் விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் இருக்கும்.

சார்ட், கலர் பேப்பர், கிளேஸ் பேப்பர் கொண்டுவரச் சொன்னால் கடப்புறத்துப் பிள்ளைகள் கொண்டுவருவதே இல்லை. ஜூன் மாதம் நோட்டுகூட இல்லை.
(ஆசிரியை, முட்டம்)

டீச்சர், நீங்களே ஜூன் என்று எழுதியிருக்கிறீர்கள். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதோடு தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது வள்ளக்காரரும் எல்லா நாளும் இறங்க முடியாது. பள்ளி திறந்து நோட்டு, பேனா, செருப்பு என்று கேட்கிற அதே இரண்டு மாதம்தான் கடப்புறத்தில் கையில் காசே இல்லாத காலம். காசு செலவாகும் எதையும் ஆகஸ்டுக்குத் தள்ளிவையுங்கள்.

சார்ட்டுக்குப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மதிப்பெண் போடும்போது சார்ட்டின் அழகுக்குப் போடாதீர்கள், அது கடையில் வாங்கிய அழகு. சன்னல் ஓரத்தில் ஒரு பெட்டி வைத்து பென்சில், ஸ்கேல், பாதி எழுதிய நோட்டுகளைப் போட்டுவையுங்கள். யார் எடுத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டாம். இரண்டு மூன்று பென்சில் திரும்பி வராது. போகட்டும்.

பெற்றோர் கூட்டத்துக்கு அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) வேலைக்குப் போகும் அம்மாக்கள் யாரும் வருவதில்லை. பிள்ளைகள்மேல் அக்கறை இல்லையோ என்று தோன்றுகிறது.
(ஆசிரியை, மார்த்தாண்டம் பக்கம்)

அப்படித் தோன்ற விடாதீர்கள். வேலைநாளில் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் அவர்களுக்கு அன்றையக் கூலி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசையோ ஆராதனையோ முடிந்த பிறகு அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

ஒருமுறை ஓர் அம்மா கூட்டம் முடியும்வரை இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தார். கையெழுத்துப் போட எடுத்தபோதுதான் பார்த்தேன். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. அன்றிலிருந்து எல்லோரும் பார்க்க மேஜைமேல் ரெஜிஸ்டரை விரித்துவைப்பதை விட்டேன். வகுப்பாசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினோம்.

முதல் போன் கால் புகாராக இருக்கக் கூடாது. "உங்க மகள் இன்னைக்கு நல்லா வாசிச்சா" என்று ஒரு வரி. அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவார்.

உதவித்தொகைப் படிவம் நிரப்ப "எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்வதுதான் எங்கள் பள்ளி வழக்கம். தவறா?
(ஆசிரியர், நாகர்கோவில்)

தவறு. சாதி, வருமானம் எல்லாம் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து நீங்களே பட்டியல் எடுங்கள். ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டுப் படிவம் கொடுங்கள். நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்ற பிள்ளை அந்த வருஷம் முழுக்கக் கை தூக்கிக் கேள்வி கேட்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கே நிறுத்துங்கள், சார்.

ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் மூன்றாம் பீரியடில் "வயிறு வலிக்குது" என்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் இப்படி இல்லையாம்.
(ஆசிரியை, தோவாளை)

பசிதான் டீச்சர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பில் கால் வைத்ததும் அந்தப் பொங்கலும் உப்புமாவும் நின்றுவிடுகிறது. அம்மா விடிந்ததுமே பூக்கட்டவோ சூளைக்கோ போயிருப்பார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். நம் மாவட்டத்தில் வாழைக்குலைக்கா பஞ்சம்? வாரம் ஒரு மட்டிக் குலை கொடுக்க ஒரு தோட்டக்காரராவது முன்வருவார். எங்கள் பள்ளியில் குலையை நூலக அலமாரிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டோம். பழத்துக்குப் போகிற பிள்ளை புத்தகம் எடுக்கப் போகிறது என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள்.