சட்டை பட்டன் போட முடியவில்லை. தண்டுவடத்தில் கட்டி என்கிறார்கள். காத்திருக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். எட்டு மாதமாகப் பிடரிக்குக் கீழே வலி. பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்தால்தான் அதிகம். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொன்னதால் பெல்ட் போட்டோம், மாத்திரையும் சாப்பிட்டார். இப்போது விரல்கள் மரத்துப்போய்ச் சில்லறை எண்ண முடியவில்லை. சட்டை பட்டனை நான்தான் போட்டுவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கழுத்துப் பகுதியில் தண்டுவடத்துக்கு உள்ளேயே கட்டி இருக்கிறது, 'எபெண்டைமோமா'வாக இருக்கலாம் என்று வந்திருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். தண்டுவடத்தில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இப்போது நடக்கத்தானே செய்கிறார், ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா? மருந்திலேயே கரைக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. நடக்கத்தானே செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நடந்துகொண்டிருக்கும்போதே ஆபரேஷனை முடித்துவிட வேண்டும் என்று நான் சொல்வதற்கும் அதுதான் காரணம். இந்த ஆபரேஷனில், நோயாளி எந்த நிலையில் உள்ளே போகிறாரோ ஏறக்குறைய அந்த நிலையில்தான் வெளியே வருவார். நடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் பிறகும் நடக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வந்தவரை எழுப்பி நடக்கவைப்பது அபூர்வம். உங்கள் சொந்தக்காரர்கள் பார்த்த 'படுத்த படுக்கை' ஆட்களில் பலர், ஆபரேஷனுக்கு முன்பே கால் விழுந்துபோய் வந்தவர்களாக இருப்பார்கள்.

அறிகுறி எதுவும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் சின்னதாகத் தெரியும் கட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக் கவனித்து வருவது உண்டு. உங்கள் கணவர் விஷயம் அப்படி இல்லை. வலியில் தொடங்கி, மரத்துப்போய், இப்போது பட்டனில் வந்து நிற்கிறது. தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான். கழுத்தில் கொஞ்சம் கூடுதல். கைக்கும் காலுக்கும் போகிற நரம்புப் பாதை, சிறுநீர், மலக் கட்டுப்பாடு எல்லாம் அதற்குள்தான். அதன் நடுவில் ஒரு கட்டி வளர்ந்தால் அது ஒதுங்க இடமில்லை.

தண்டுவடக் கட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் மூன்று இடம் உண்டு. தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறைக்கு வெளியே வருவது ஒன்று. நுரையீரல், மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்கள் பரவி வருவது பெரும்பாலும் அங்கேதான். உறைக்கு உள்ளே, ஆனால் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் வருவது இன்னொன்று. மெனின்ஜியோமா, ஷ்வானோமா எல்லாம் அந்த ரகம், பெரும்பாலும் சாதுவானவை. மூன்றாவது தண்டுவடத்துக்கு உள்ளேயே வருவது, உங்கள் கணவருக்கு இருப்பது. பெரியவர்களுக்கு இந்த இடத்தில் அதிகம் வருவது எபெண்டைமோமா, குழந்தைகளுக்கு ஆஸ்ட்ரோசைட்டோமா. இது எபெண்டைமோமாவாகவே இருந்தால் அது ஒரு வகையில் நல்ல செய்தி. ஆஸ்ட்ரோசைட்டோமா நரம்போடு கலந்து கிடக்கும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எபெண்டைமோமாவுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு எல்லை கிடைக்கும். பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிரிப்பதுபோல, பொறுமை இருந்தால் முழுதாக எடுக்கலாம்.

ஆபரேஷன் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். பின்கழுத்தில் எலும்பைத் திறந்து, உறையைப் பிரித்து, மைக்ராஸ்கோப் வைத்துத் தண்டுவடத்தின் நடுக்கோட்டில் மெல்லத் திறப்பார்கள். அதற்கு முன்பே தலையிலும் கை காலிலும் மெல்லிய ஊசி மின்முனைகள் பொருத்தியிருப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே மூளையிலிருந்து காலுக்குச் செய்தி போய்ச் சேர்கிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கத்தான் அது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் "இடது கால் குறையுது சார்" என்பார். உடனே எல்லாரும் கையை எடுத்துவிடுவோம். வெதுவெதுப்பான சலைன் ஊற்றி, ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிவிட்டு, சும்மா நிற்போம். அலை திரும்பினால் தொடர்வோம். திரும்பாவிட்டால் மீதியை விட்டுவிட்டு மூடுவதும் உண்டு. என் அனுபவத்தில் இந்தச் சும்மா நிற்கும் நிமிடங்கள்தான் நோயாளியின் காலைக் காப்பாற்றுகின்றன. ஆகவே உங்கள் டாக்டரிடம் இரண்டு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். தண்டுவடத்துக்கு உள்ளே இருக்கும் கட்டியை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? இந்த நரம்புக் கண்காணிப்பு உங்கள் தியேட்டரில் உண்டா? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதிலும் தப்பில்லை, அதற்கு ஒரு வாரம் போதும்.

தண்டுவடக் கட்டியை முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்தது 1887-ல், லண்டனில், விக்டர் ஹார்ஸ்லி. எக்ஸ்ரேகூட வராத காலம். வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியின் வலியையும் மரத்துப்போன இடத்தையும் மட்டும் வைத்துக் கட்டி எங்கே என்று கணித்துச் சொன்னார். திறந்தால் ஒன்றும் இல்லை. மனம் தளராமல் இன்னும் மேலே எலும்பை எடுத்துப் பார்த்தபோது கட்டி இருந்தது. அந்த மனிதர் பிறகு எழுந்து நடந்து வேலைக்கும் போனார். இன்று எம்.ஆர்.ஐ. இருந்தும் நாம் எட்டு மாதம் கழுத்து பெல்ட் போட்டிருக்கிறோம். உங்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் ஆட்களைத்தான் சொல்கிறேன். படுத்தால் கூடுகிற வலியைத் தேய்மானம் என்று ஒதுக்கக் கூடாது.

ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் கை கால் முன்பைவிட மோசமாகத் தோன்றலாம். வீட்டில் எல்லாரும் "நாங்க அப்பவே சொன்னோமே" என்று ஆரம்பிக்கும் நேரம் அது. பெரும்பாலானோருக்கு வாரங்களில், மாதங்களில் அது தேறிவரும். நடுக்கோட்டில் திறப்பதால் பாதம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் உணர்வு மங்கும். பலம் இருக்கும், ஆனால் பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கும். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலு அடி போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினதும் தள்ளாடும். எனவே சுவரில் ஒரு பிடிகம்பி அடியுங்கள், ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும், இரவில் கழிவறைக்குப் போகிற வழியில் விளக்கு எரியட்டும். வெந்நீரை அவர் காலில் ஊற்றிச் சூடு பார்க்கக் கூடாது, நீங்கள் கையை விட்டுப் பாருங்கள். எரிச்சல் வலிக்கு பிரீகாபாலின், தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் போன்ற மாத்திரைகள் உண்டு. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விடாதீர்கள்.

மருந்தில் கரையுமா என்றால், கரையாது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தைக் குறைத்து நாலு நாள் தெம்பு காட்டும், அதைப் பார்த்துக் கட்டி கரைந்தது என்று ஏமாந்துவிட வேண்டாம். சர்க்கரையும் ஏறும். முழுதாக எடுத்து, பரிசோதனையில் கிரேடு 2, அதாவது மெதுவாக வளரும் ரகம் என்று வந்தால் பொதுவாகக் கதிர்வீச்சு தேவைப்படாது. மிச்சம் இருந்தாலோ, வேகமாக வளரும் கிரேடு 3 ஆனாலோ ஐந்து, ஆறு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர்வீச்சு தருவார்கள். கதிர்வீச்சிலேயே இன்னொரு வகையான புரோட்டான் சிகிச்சை பற்றியும் யாராவது சொல்வார்கள். சென்னையில் 2019 முதல் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதன் பலன் அதிகம். உங்கள் கணவருக்கு அதுதான் வேண்டும் என்று நிலத்தை விற்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில், மைக்ராஸ்கோப்பில் தெரிவதோடு மரபணு மாற்றமும் சேர்ந்துகொண்டது. எம்.ஒய்.சி.என். என்ற மரபணு பல்கிப் பெருகிய தண்டுவட எபெண்டைமோமா ஆக்ரோஷமானது என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். எடுத்த கட்டிக்கு அந்தப் பரிசோதனை அவசியமா என்று கேளுங்கள். மறுபடி வளர்ந்த எபெண்டைமோமாவுக்கு டெமோசோலமைடு, லப்பாட்டினிப் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், சிலருக்குக் கட்டி வளராமல் நின்றது, தொந்தரவும் குறைந்தது. வான் ஹிப்பெல் லிண்டாவ் என்ற பரம்பரை நோயில் வரும் ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா கட்டிகளுக்கு பெல்சுட்டிஃபான் மாத்திரையை 2021-ல் அமெரிக்கா அனுமதித்தது. இவை எதுவும் உங்கள் கணவரின் முதல் ஆபரேஷனுக்கு மாற்று கிடையாது. இன்னொன்று, குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே இரண்டு காதும் கேட்காமல் போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். என்.எஃப்.2 என்ற பரம்பரைக் கோளாறில் எபெண்டைமோமா வருவது உண்டு.

நாட்டு வைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கழுத்தில் அழுத்தித் தேய்ப்பது, சலூனில் நெட்டி முறிப்பது இரண்டும் இப்போது கூடவே கூடாது.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. எந்தத் தொகுப்பில் இந்த ஆபரேஷன் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிறகு நீண்ட மறுவாழ்வுப் பயிற்சி தேவைப்பட்டால் இரண்டு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம். 1954-ல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கியது. இன்னொன்று, தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம். அதன் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணனும் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். அங்கே போனால் உங்கள் கணவருக்கு முக்கியமாகக் கிடைப்பது, தன்னைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது. சிறுநீர்க் குழாய் பற்றி என்னிடம் கேட்கக் கூச்சப்படுபவர்கள் பக்கத்துக் கட்டில்காரரிடம் சாதாரணமாகக் கேட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் வருடாவருடம் எம்.ஆர்.ஐ. வேண்டும். இந்தக் கட்டி பத்து வருடம் கழித்தும் திரும்பி வந்திருக்கிறது.

ஆபரேஷன் தேதி கிடைக்கும்வரை ஒரு வேலை செய்யுங்கள். தினமும் காலையில் அவரே சட்டை பட்டன் போடட்டும். எத்தனை போட முடிந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவாருங்கள். ஒரே வாரத்தில் எண்ணிக்கை குறைந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். திடீரென்று சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கால் மடங்கி விழுந்தாலோ, நடுராத்திரியானாலும் வண்டி பிடித்துக் கிளம்பிவிடுங்கள். போகும்போது ரிப்போர்ட்டோடு எம்.ஆர்.ஐ. சிடியையும் அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.