பழைய பிஸ்டலும் உப்புக் காற்றும்

கேள்வி: லைசென்ஸில் உள்ள .32 பிஸ்டலை விட்டுவிட்டு 2 வருடம் ரிவால்வர் வைத்திருந்தேன். கனம் ஒத்துவரவில்லை, பழையதற்கே திரும்புகிறேன். பீரோவில் தோல் உறையோடு கிடந்தது. எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (மேலே நகரும் உலோகப் பகுதி) இழுத்து, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். தோல் உறைதான் வினை. கடல் காற்றின் உப்பையும் ஈரத்தையும் அது உறிஞ்சி, தோல் படிந்த இடமெல்லாம் துருவின் செம்புள்ளி விட்டிருக்கும். எண்ணெய் தொட்ட துணியால் தேயுங்கள், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். குழலுக்குள் குழி தெரிந்தால் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டாமல் சுடாதீர்கள். எண்ணெய் அதிகமானால் மணல் ஒட்டும், தோட்டாவின் பிரைமருக்குள்ளும் (அடியில் இருந்து பற்றவைக்கும் பகுதி) கசியும்.

ரிவால்வரின் .32 தோட்டா இதற்குச் சேராது. பிஸ்டலுக்கான .32 ஏசிபி என்ற வகைத் தோட்டாவின் அடியில் சிறு விளிம்பு உண்டு. மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால், குழல் பக்கமாக நிற்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு, தோட்டா மேலேறாமல் சிக்கும். பலர் மேகசின் ஸ்பிரிங்தான் கெட்டது என்று நினைத்து அதை வீணாக மாற்றுவது இதனால்தான்.