மூளையில் எங்கே அடி, உடம்பில் எங்கே விழும்? மலேசியாவின் பல ஊர்களிலிருந்து கேள்வி பதில்

செந்தூல்: ஐயா, அப்பாவுக்கு மூளையில இடப் பக்கம் ரத்தக்குழாய் அடைப்புன்னு ரிப்போர்ட்ல இருக்கு. ஆனா விழுந்தது வலது கையும் காலும். பேச்சும் போச்சு. மாத்தி எழுதிட்டாங்களா?

ரிப்போர்ட் சரிதான் அம்மா. கை கால்களை அசைக்கும் நரம்பிழைகள் பெருமூளையின் மேற்பரப்பில் கிளம்பி, கழுத்துக்குச் சற்று மேலே மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறித் தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. அதனால்தான் இட மூளையில் அடைத்தால் வலக் கை கால் விழுகிறது. பேச்சு போனதற்கும் அதே அடைப்புதான் காரணம். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி இட மூளையில் இருக்கிறது. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓர் அசையை மட்டுமே சொல்ல முடிந்த ஒரு நோயாளி இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இட முன்மடலில் சேதத்தைக் கண்டார். அங்கே கெட்டால் மற்றவர் பேசுவது பெரும்பாலும் புரியும், வார்த்தைதான் வராது. காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள வெர்னிக்கே பகுதி கெட்டால் பேச்சு சரளமாகக் கொட்டும், அதில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் புரியாது.

ஜாடை எதுவும் காட்டாமல் "கண்ணை மூடுங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள். மூடினால் எளிய சொற்கள் புரிகின்றன. ஆமாம், இல்லை என்று தலையாட்டக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். கத்த வேண்டாம், காது நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் தமிழும் வேலையிடத்தில் மலாயும் பேசியவர் என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் இரண்டையும் சொல்லுங்கள். சிலருக்கு ஒரு மொழி முந்தித் திரும்பும். மலாயில் மட்டும் கேட்டுவிட்டு 'புரியவில்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பட்டர்வொர்த்: பக்கவாதம் வந்தா பத்து விரல் நுனியிலயும் ஊசியால குத்தி ரத்தம் விடணும்னு வாட்ஸ்அப்ல வருது. செய்யலாமா?

செய்யவே கூடாது. விரலில் சொட்டும் ரத்தம் மூளையில் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைத் தொடாது. குத்திக்கொண்டிருக்கும் நேரம்தான் போகும், அந்த நேரம் திரும்பி வராது. மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு, ஆனால் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் 20 விழுக்காடு அதற்குப் போகிறது. சேமித்துவைக்க அதற்கு வழியில்லை. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது கணக்கு.

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் அவசர உதவி எண் 999ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை மணி பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தை அல்ல, படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பெரிய குழாய் அடைப்பில், பொருத்தமான சிலருக்குக் கம்பிக்குழாய் விட்டுக் கட்டியை எடுக்க 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு.

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவில் ஆஸ்பிரின் கேடு செய்யும். தண்ணீரும் வேண்டாம், விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர் என்றால், 999க்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது விரலில் சர்க்கரை அளவைப் பாருங்கள், சர்க்கரை அதிகம் இறங்கினாலும் இதே மாதிரி தெரியும். மருந்துப் பொட்டலங்களை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை அதில் இருந்தால் சிகிச்சையே மாறும்.

ஜெலுத்தோங்: மனைவிக்கு வாய் கோணி, பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. திங்கட்கிழமை கிளினிக் போனா போதுமா?

போதாது ஐயா. இன்றே, இப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவு. அடைத்த கட்டி தானாகக் கரைந்திருக்கலாம், அடுத்தது கரையாமல் போகலாம். முதல் 48 மணி நேரத்தில்தான் ஆபத்து அதிகம்.

பிரிக்பீல்ட்ஸ்: எனக்கு முகம் மட்டும் ஒரு பக்கம் இழுத்திருக்கு. இதுவும் பக்கவாதமா?

நெற்றியைச் சுருக்குங்கள். மூளை அடைப்பில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது. நெற்றியும் அசையாமல் கண்ணும் மூடாவிட்டால் முக நரம்பே வீங்கியிருக்கலாம். ஆனால் இதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், இன்றே மருத்துவர் பார்க்கட்டும். நரம்பு வீக்கம்தான் என்றால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு டேப். இதை விட்டால் கருவிழி புண்ணாகும்.

செராஸ்: இனிப்பு நீர் 12 வருஷமா இருக்கு. பாதம் எரியுது, கை நல்லா இருக்கு. ஏன் கால்ல மட்டும்?

பாதத்துக்குப் போகும் நரம்பிழைதான் உடம்பில் மிக நீளம். அதன் உயிரணு முதுகுத்தண்டை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கால்விரல் வரை ஒரே இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர். சர்க்கரை அதை ஊட்டும் நுண்குழாய்களையும் இழையையும் கெடுக்கும்போது நுனி முதலில் வாடும். நரம்புச் செய்தி என்பது சோடியம், பொட்டாசிய அயனிகள் சவ்வைத் தாண்டுவதால் ஓடும் மின் அலை. மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழையில் அது நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும், எரிச்சலைச் சொல்லும் உறையில்லாத மெல்லிழையில் சுமார் 1 மீட்டர்தான். காலை மேசையில் இடித்துக்கொண்டால் இடி உடனே தெரிந்து, எரிச்சல் பிறகு வருவது அதனால்தான். உங்களுக்கு இப்போது அந்த மெல்லிழைகள் எதுவும் படாமலே எரிச்சல் செய்தியை அனுப்புகின்றன.

மெட்ஃபோர்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் இதே எரிச்சலைத் தரும். ரத்தத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தினமும் இரவு பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள். கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்த பிறகு கட்டாயம் பாருங்கள். சூடான சிமெண்டுத் தரை கொப்புளம் போட்டும் தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

பாயான் லெப்பாஸ்: மோட்டார்ல விழுந்த தம்பி ஒரு நிமிஷம் மயங்கி, எழுந்து நல்லாத்தான் பேசினான். விட்டுடலாமா?

விடக் கூடாது, மயங்கியவர் எல்லோரையும் மருத்துவர் பார்க்க வேண்டும். நெற்றிப்பொட்டு எலும்பு மெல்லியது, அதன் உள்பக்கமாக ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று சரிவார்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு கண்மணி பெரிதாவது, இவற்றில் எது வந்தாலும் உடனே 999. வயதானவர்களுக்குக் கசிவு மெதுவாகச் சேரும், விழுந்து சில வாரம் கழித்துக்கூடத் தடுமாற்றம் தெரியும்.

செந்தூல்: திரும்ப நான்தான் ஐயா. அப்பாவுக்குச் செத்த அணு திரும்ப வளருமா?

செத்த அணு திரும்பாது அம்மா. கை கால் நரம்பு அறுந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும், மூளையிலும் தண்டுவடத்திலும் அப்படி வளர்வதில்லை. ஆனால் பக்கத்தில் பிழைத்திருக்கும் பகுதிகள் வேலையை ஏற்கின்றன. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகும் நிற்காது. விரல் சிறிதாவது அசைந்தால் டம்ளரைப் பிடிப்பது, பொத்தான் போடுவது என்று உண்மையான வேலையையே பலமுறை செய்யவிடுங்கள். நீங்களே ஊட்டிவிட்டால் அந்தக் கை பழகாது. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். அக்குளில் தாங்கித் தூக்குவதும் வேண்டாம், இடுப்பைப் பிடியுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள நாசாம் பக்கவாதச் சங்கத்தில் பயிற்சி தருகிறார்கள். அப்பா பெர்க்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் என்றால் மறுவாழ்வு உதவிக்கும் கேளுங்கள்.