மீன்களின் நிறம் எடுப்பாகத் தெரிய தொட்டிக்கு எந்த விளக்கு போடலாம்?

கடையில் பளிச்சென்று இருந்த மீன் வீட்டுத் தொட்டியில் மங்கலாகத் தெரிகிறதே, இன்னும் பெரிய விளக்கு வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வெளிச்சத்தின் அளவைவிட அதன் தரம்தான் முக்கியம். ஒளியில் இல்லாத நிறத்தை மீன் திருப்பிக் காட்ட முடியாது. மலிவான வெள்ளை எல்இடிகளில் சிவப்புக் கதிர் குறைவு. அதனால்தான் நல்ல சிவப்பு மீன்கூட பழுப்பேறித் தெரிகிறது.

வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான அளவு, உச்சம் 100) 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நிற வெப்பநிலை, அதாவது ஒளி மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்று காட்டும் எண், 6500 கெல்வின் அளவில் இருந்தால் போதும். 10,000 கெல்வின் விளக்கில் நீலம் தூக்கலாகி சிவப்பு அடங்கிவிடும்.

விளக்கை வைக்கும் இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. நியான் டெட்ரா என்ற சின்ன மீனின் நீலக்கோடு சாயம் அல்ல. தோல் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள் ஒளியைப் பிரதிபலிப்பதால் வருவது. விளக்கு பின்சுவரை ஒட்டி இருந்தால் நம்மைப் பார்த்த பக்கம் நிழலாகிவிடும். முன்கண்ணாடிப் பக்கம் நகர்த்திப் பாருங்கள், அந்தக் கோடு சட்டென்று மின்னும்.

வெள்ளை மணலில் பல மீன்கள் தாமாகவே வெளிறும். கருமணலும் கரும்பின்னணியும் போடுங்கள். அதிக வெளிச்சத்தில் மிரண்டு ஒளிந்துகொள்ளும் மீனும் நிறம் குன்றும். மிதக்கும் செடிகள் வெளிச்சத்தைத் தணிக்கும். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டால் பாசிதான் வளரும்.

காலையில் விளக்கைப் போட்டதும் டெட்ராக்கள் வெளிறியிருந்தால் பயப்படாதீர்கள். இருட்டில் அவை அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிடும்.