உள்நாட்டுப் போரில் வெளிநாடு தலையிடலாமா? எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: நான் வரலாற்று ஆசிரியர். உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டுக்குள் வெளிநாடுகள் படை அனுப்பலாமா என்று வகுப்பில் விவாதம் வைக்கப்போகிறேன். 'கொலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?' என்கிறார்கள் பாதிப் பேர். 'அது அவர்கள் பிரச்சினை' என்கிறார்கள் மீதிப் பேர். எதை வைத்து எடைபோடச் சொல்லட்டும்?

பதில்: 'தலையீடு' என்ற சொல்லை முதலில் பிரித்துவிடுங்கள். மக்களைக் காக்கப் போவது வேறு, ஒரு தரப்பை வெல்லவைக்கப் போவது வேறு. ஆயுதமும் பணமும் அனுப்பிவிட்டு ஒதுங்கி நிற்பதும் தலையீடுதான். மத்திய அமெரிக்க நாடான நிகரகுவா தொடுத்த வழக்கில், அந்நாட்டு அரசை எதிர்த்த கிளர்ச்சிப் படைக்கு அமெரிக்கா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. இரு தரப்புக்கும் வெளியிலிருந்து ஆயுதம் வந்துகொண்டே இருந்தால் யாருக்கும் சமரசம் பேசும் அவசியம் வராது, போர் இழுத்துக்கொண்டே போகும். தலையீட்டில் மிக மோசமானது இதுதான் என்பேன்.

சட்டத்தை வகுப்பில் சுருக்கமாகச் சொன்னால் போதும். தற்காப்பு, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி ஆகிய இரண்டைத் தவிர, பிற நாட்டின் மீது பலம் பிரயோகிப்பதை ஐ.நா. சாசனம் தடுக்கிறது. அந்நாட்டு அரசே அழைத்தால் போகலாம். ஆனால் யார் அரசு என்பதற்காகவே சண்டை நடக்கும்போது, அழைப்புக்கு என்ன மதிப்பு?

விவாதத்தின் கனம் இருப்பது மூன்று கேள்விகளில்: போகும் படையின் வேலை என்ன, அதற்கு ஆளும் அதிகாரமும் போதுமா, வேலை முடிந்த மறுநாள் யார் பொறுப்பு?

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 2000-ஆம் ஆண்டு ஐ.நா. வீரர்கள் சுமார் 500 பேரைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்துவைத்தார்கள். பிரிட்டிஷ் படை வந்து தலைநகரையும் விமான நிலையத்தையும் காத்தது, உள்ளூர் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுத்தது. அதற்குத் துணையாகப் பெரிய ஐ.நா. படையும் இருந்தது. 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். லிபியாவில் 2011-இல் பொதுமக்களைக் காக்கப் பாதுகாப்பு மன்றம் அனுமதி தந்தது. விமானத் தாக்குதல் கடாபியின் ஆட்சி கவிழும்வரை போனது. பிறகு ஆயுதக் குழுக்களை அடக்க ஆளில்லை, 2014-இல் மறுபடி போர். 1987-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை சில மாதங்களிலேயே போரில் ஒரு தரப்பாகிவிட்டது. 1990-இல் திரும்பியபோது சுமார் 1,200 வீரர்களை இழந்திருந்தது. அங்கே மாண்ட பொதுமக்களையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே மாணவர்களிடம் சொல்லுங்கள்.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இனப்படுகொலை நடக்கும்போது, கொலையை நிறுத்துவதை மட்டுமே இலக்காகக் கொண்டு, போதிய ஆள்பலத்தோடு போவது கடமை. ஆட்சியை மாற்றப் போவதை நான் ஏற்கமாட்டேன். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994-இல் சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அந்த நேரத்தில்தான் சுமார் 2,500 பேர் இருந்த ஐ.நா. படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு மன்றம் தீர்மானித்தது.

ஒன்றில் கவனமாக இருங்கள். முடிவு தெரிந்தபின் தீர்ப்புச் சொல்வது சுலபம். படுகொலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1994 ஜனவரி 11 அன்று, ருவாண்டாவில் இருந்த ஐ.நா. படைத்தளபதி ரோமியோ டல்லேர் நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். கொலைக்குத் தயாராகும் குழுவினர் ஆயுதங்களைப் பதுக்கிவைத்திருக்கிறார்கள், அவற்றைக் கைப்பற்றப்போகிறேன் என்றார். தலைமையகம் வேண்டாமென்றது. அந்தத் தேதிவரை தெரிந்ததை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து, அந்தச் செய்திக்கு என்ன பதில் எழுதியிருப்பீர்கள் என்று கேளுங்கள்.